ஒரு விரல் நுனி கிரீஸ்

ஒரு விரல் நுனி கிரீஸால் ஒரு கச்சேரியையே கவிழ்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான். அதுவும் மேடைப் பக்கமே போகாமல். பதினைந்தாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, காகிதக் கூம்பிலிருந்து கச்சாங் பூத்தே கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மண்டபத்தில் ஆயிரம் பேர். முதல் வரிசையில் சென்னையிலிருந்து வந்த வித்துவான். அத்தனை பேர் கண்ணெதிரில் ஒரு பிடிலை ஊமையாக்கினேன். ஈ காக்காய்க்குத் தெரியாது.

ஆயிரம் பேர் என்பதை என் தங்கை புனிதா ஒத்துக்கொள்ள மாட்டாள். நூற்றைம்பது என்பாள். காலையில் நாற்காலி போட்டவளே அவள்தான். சரி, இருநூறு என்று வைத்துக்கொள்வோம். என்னால் இதற்குக் கீழே இறங்க முடியாது.

என் பெயர் திருச்செல்வம். கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை. கிரேனில் நாற்பது டன் கண்டெய்னரைத் தூக்கிக் கோழி முட்டை மேல் வைத்து, முட்டையில் ஒரு கீறல் விழாமல் திரும்ப எடுத்தவன். ஒரு தடவை முதலை ஒன்று என் கிரேன் கொக்கியைக் கவ்விக்கொண்டது. அப்படியே மூன்று மாடி உயரத்துக்குத் தூக்கினேன். மன்னிப்புக் கேட்டது. இறக்கிவிட்டேன்.

"முதலை எந்த பாஷையில மன்னிப்புக் கேட்டுச்சுங்க?" என்று என் மனைவி மலர்விழி கல்யாணமான புதிதில் கேட்டாள்.

"மலாய்தான். உள்ளூர் முதலை."

இப்படிப்பட்ட மனுஷன் அறுபத்தாறாவது வயதில் ஒரே ஒரு உண்மையைச் சொல்ல நினைத்தால் என்ன கதி ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்ததில்லை. போன தைப்பூசத்தில்தான் யோசிக்க வேண்டி வந்தது.

பத்துமலையில் மருமகப்பிள்ளை காவடி எடுத்தார். படி ஏறும்போது சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் பாடினோம். என் குரலில் மலையே ஒரு அங்குலம் நகர்ந்திருக்கும். பக்கத்தில் புனிதா. உதடு அசைகிறது. கூர்ந்து கேட்டேன். சத்தம் இல்லை. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏன் புனி, தொண்டை கட்டிக்கிச்சா?"

"காதில்லாதவ பாடினா மத்தவங்களுக்கும் ஸ்ருதி கெடும், அண்ணே. நீ பாடு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மீதிப் படிகளில் நான் பாடவில்லை.

*

1986. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா சின்னையாவுக்கு ரயில்வேயில் வேலை. புனிதாவுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு இருபத்தேழு. நான் அப்போது கிரேன் ஓட்டுகிறவன்கூட இல்லை, கிரேனுக்குக் கிரீஸ் போடுகிறவன். எங்கள் மண்டோர், அதாவது மேஸ்திரி, சொல்லிக்கொடுத்த வேதம் மூன்றே வரி: சத்தம் போட்டால் கிரீஸ் போடு. இறுகிப்போனால் கிரீஸ் போடு. சும்மா இருந்தால் அதற்கும் போடு.

புனிதா எட்டு வயதிலிருந்து காசிவிஸ்வநாதன் மாஸ்டரிடம் பிடில் கற்றாள். அந்த வருஷம் மாஸ்டரின் மாணவர்கள் கச்சேரிக்குச் சென்னையிலிருந்து ஒரு வித்துவான் வந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் புனிதாவை அங்கே அழைத்துப்போய், தன் வீட்டிலேயே தங்கவைத்துச் சொல்லித்தருவதாகப் பேச்சு. அப்பாவும் தலையாட்டிவிட்டார். எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க அதே பேச்சுதான். நான் என் பங்குக்கு, சென்னைக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

கச்சேரி நாள் காலையில் புனிதா பிடிலும் கையுமாக வந்து நின்றாள்.

"அண்ணே, ராத்திரி மழையில பிருடை இறுகிப்போச்சு. திருப்பவே முடியலே. உன் கைக்கு வருதா பாரு."

பிருடை என்பது பிடிலின் தலையில் கம்பியைச் சுற்றி இறுக்குகிற மரத்திருகு. நாலு கம்பிக்கு நாலு பிருடை. எங்கள் ஊர் ஈரத்தில் மரம் ஊதி இறுகிக்கொள்ளும். அது ஒன்றும் பெரிய வியாதி இல்லை. ஆனால் நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான்: இறுகிப்போச்சு. மண்டோரின் இரண்டாவது வரி.

அவள் குளிக்கப் போனாள். வேலைப்பையில் ஒரு மைலோ டின்னில் இரும்புக் கயிற்றுக்குப் போடும் கறுப்புக் கிரீஸ் இருந்தது. பிருடைகளை ஒவ்வொன்றாக உருவினேன், தடவினேன், சொருகினேன். ஆகா, வெண்ணெய் மாதிரித் திரும்பிற்று! அவள் வந்து திருப்பிப் பார்த்து வாயெல்லாம் பல்லானாள்.

"என்னண்ணே பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலே. ஒரு ஊது ஊதித் திருப்பினேன். இந்தக் கை பட்டாப் போதும், கப்பலே திரும்பும்."

அவ்வளவுதான் நடந்தது. கிரீஸ் என்று சொல்லியிருந்தால் அவளே அலறியிருப்பாள், துடைத்துத் தொலைத்திருப்பாள். பெருமைக்கு ஆசைப்பட்டு ஊதினேன் என்று சொன்னேன். நான் விட்ட அத்தனை ரீலிலும் மிகச் சின்னது அதுதான்.

பிருடையைப் பிடித்து நிறுத்த ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. மரத்தை மரம் கவ்விப் பிடிக்கிற பிடிதான். கிரீஸ் அந்தப் பிடியைத்தான் தின்னும். காலையில் அவள் அழுத்திச் சொருகியதால் நின்றது. சாயங்காலம் மேடை விளக்குச் சூட்டில் கிரீஸ் உருகியது. முதல் உருப்படி பாதி தாண்டுவதற்குள் பஞ்சமக் கம்பி இறங்கிவிட்டது. நிறுத்தினாள், ஸ்ருதி சேர்த்தாள், வாசித்தாள். மறுபடியும் இறங்கியது. பிறகு பக்கத்துக் கம்பியும். நாலாவது தடவை அவள் வில்லை மடியில் வைத்துவிட்டதைப் பதினைந்தாவது வரிசையிலிருந்து பார்த்தேன். மாஸ்டரே மேடையேறி, தன் தடித்த கட்டைவிரலால் அழுத்தித் திருப்பிச் சேர்த்துக் கொடுத்தார். அவர் கைக்கு இரண்டு நிமிஷம் நின்றது. அந்த இரண்டு நிமிஷம் அவருக்குத் தீர்ப்புச் சொல்லப் போதுமாக இருந்தது.

"பிடிலுக்கு ஒண்ணும் இல்லே. என் கைக்கு நிக்குதே. விரல் இருக்கு உனக்கு, காதில்லே. சேர்ந்திருச்சா இல்லையான்னு தெரியாமலே விட்டுடறே."

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். வித்துவான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிருடையைத் தொட்டேன். விரலில் கறுப்பு. வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "பதினோரு வருஷம் பிடிலு, பிடிலுன்னு! இதோ நிக்கிறானே உன் அண்ணன், கையில எடுத்த எந்த வேலையாவது சொதப்பியிருக்கானா? அவனைப் பார்த்துக் கத்துக்கோ!"

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரம் மண்ணெண்ணெய்த் துணியால் பிருடைகளின் வெளிப்பக்கத்தைத் துடைத்தேன். துளைக்குள் துடைக்க வேண்டும் என்ற அறிவு இல்லை. புனிதா ஒரு மாதம் முயன்றாள். கம்பி இறங்க இறங்க, மாஸ்டர் சொன்னதுதான் சரி என்று அவளுக்கு ஊர்ஜிதமாகிக்கொண்டே போனது. பிறகு பெட்டியை மூடினாள். ஷா ஆலமில் அரசாங்க ஆபீஸில் கிளார்க் வேலைக்குப் போனாள். கல்யாணம், ஒரு மகள், பென்ஷன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் தவறிவிட்டார். இதற்கு நடுவில் நான் அவளிடம் சொல்லியிருக்கக்கூடிய நாட்கள், கணக்குப் பார்த்தால், பதினாலாயிரம் இருக்கும். இதை நான் ஊதிச் சொல்லவில்லை.

*

தைப்பூசம் முடிந்து மூன்றாவது வாரம் அவள் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டைக் காலி செய்ய ஆரம்பித்தாள். செமினியில் மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறாள். சாமான் கட்ட உதவிக்குப் போனேன். லிப்ட் வேலை செய்யவில்லை. பதினோரு மாடி ஏறினேன். (நாலு.) அலமாரி மேலிருந்து தூசி தட்டிய ஒரு கறுப்புப் பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

"கீழே பழைய பேப்பர் லோரி வந்திருக்கு, அண்ணே. போறப்ப இதையும் போட்டுரு."

பிடில் பெட்டி.

"இதையா? வெச்சுக்க புனி. செமினியில சும்மாதானே இருக்கப்போறே, வாசிக்கலாமே."

"காதில்லாதவளுக்குப் பிடில் எதுக்கு லா? போட்டுரு."

கீழே லோரியின் ஒலிபெருக்கி பழைய பேப்பர், பழைய இரும்பு என்று மலாயில் கூவிக்கொண்டிருந்தது. நான் பெட்டியைத் தரையில் வைத்தேன்.

"உன் காதுக்கு ஒண்ணும் இல்லே. நான்தான் பிருடையில கிரீஸ் போட்டேன்."

டேப் கிழித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "என்ன கிரீஸ்?"

"கிரேன் கிரீஸ். கச்சேரியன்னைக்குக் காலையில. இறுகிப்போச்சுன்னு கொண்டு வந்தியே."

"ஊதித் திருப்பினேன்னு சொன்னே."

"பொய் சொன்னேன்."

என் முகத்தையே பார்த்தாள். உதட்டோரம் துடித்தது. அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, நீ நல்லவன் லா. பத்துமலையில நான் சொன்னதைக் கேட்டதிலேர்ந்து உனக்கு மனசு கேக்கலே, இல்லே? தங்கச்சிக்கு ஆறுதல் சொல்லணும்னு உக்காந்து யோசிச்சிருக்கே. ஆனா கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லக்கூடாதா? பிடிலுக்குக் கிரேன் கிரீஸ் போடற முட்டாள் உலகத்துல உண்டா?"

"உண்டு. உன் முன்னால நிக்கிறான்."

"அப்ப முதலை?"

"முதலை வேற விஷயம்."

"கோழி முட்டை?"

"புனி, கோழி முட்டையை விடு. இது சத்தியம்."

"முதலைக்கும் சத்தியம்தான் பண்ணே." எழுந்து என் தோளைத் தட்டினாள். "காதில்லாம இத்தனை வருஷம் இருந்துட்டேன், அண்ணே. பழகிப்போச்சு. லோரி போயிரப்போகுது, ஓடு."

வாழ்நாளில் நான் சொன்ன ஒரே கனமான உண்மையை என் முதலையே கடித்துத் தின்றுவிட்டது.

கீழே லோரிக்காரர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பெட்டியைக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்துவிட்டேன்.

*

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கிரேன் பழுதானால் இன்னதுதான் காரணம் என்று வாயால் சொல்கிறவனை எஞ்சினியர் நம்ப மாட்டார். அவர் கண் முன்னால் காட்ட வேண்டும். காட்டுவதென்றால் முதலில் பிடில் பிடிலாக ஆக வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் இசைக்கருவி விற்கும் கடையில் கிஷன் என்றொரு தம்பி. கம்பி ஒரு செட் கொடுத்துவிட்டு எச்சரித்தார்: "அங்கிள், ஒரு கம்பியைக் கழட்டி, புதுசு போட்டுட்டு, அடுத்ததுக்குப் போங்க. நாலையும் ஒரே நேரத்துல கழட்டிடாதீங்க."

"தம்பி, நான் கப்பலையே கழட்டினவன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து நாலையும் ஒரே நேரத்தில் கழற்றினேன்.

முதலில் பிரிட்ஜ் விழுந்தது. கம்பிகளைத் தாங்கி நடுவில் நிற்குமே, அந்தச் சின்ன மரப்பாலம். அதையும் யாரும் ஒட்டிவைப்பதில்லையாம், கம்பி அழுத்துகிற அழுத்தத்தில்தான் நிற்குமாம். அடுத்தது வயிற்றுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். பிடிலைச் சாய்த்தால் உள்ளே ஏதோ உருண்டது. பென்சில் துண்டு மாதிரி ஒரு குச்சி. மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் தூணாக நிற்க வேண்டியது.

"உசுரு போச்சா?" என்றாள் மலர்விழி, அடுப்படியிலிருந்து.

"போகலே. படுத்திருக்கு."

அந்தத் தூணை நிமிர்த்தியதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். பிடிலின் நெஞ்சில் வளைந்து நெளிந்து ஒரு துவாரம் இருக்கிறதே, அதன் வழியாகக் கூர்சீவிய வளைந்த கம்பியில் தூணைக் குத்தி உள்ளே விட்டு, பல் டாக்டர் கண்ணாடி ஒன்றை வைத்துப் பார்த்து, பிரிட்ஜின் மெல்லிய கம்பிப் பக்கத்துக் காலுக்குச் சற்றுப் பின்னால் நிறுத்த வேண்டும். ஆயிரத்து நூற்றுப் பதினொரு தடவை விழுந்தது. மூன்று நாள். சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிட்டதால் மலர்விழி மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "முப்பத்தொன்பது வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப என்ன அவசரம்?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

பிறகு பிருடைகள். இறைச்சி குத்திச் சுடும் சாத்தே குச்சியில் பஞ்சு சுற்றி முதல் துளைக்குள் விட்டுத் திருகினேன். கறுப்பாக வந்தது. காய்ந்து மெழுகாகிப்போன கிரீஸ். விரல் சூட்டில் தேய்த்ததும் தார் வாசனை மெல்ல எழும்பியது. பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்து, பிருடை உரசுகிற இடத்தில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துச் சொருகினேன். கிறீச் என்று முனகிக்கொண்டு பிடித்தது. எந்தச் சத்தத்துக்குப் பயந்து கிரீஸ் போடுவேனோ, அதே சத்தம். கம்பியை ஏற்றினேன். நின்றது. மறுநாள் காலையிலும் நின்றது.

இரண்டாவது நின்றது. மூன்றாவதும் நின்றது. ஏற்றும்போது பிரிட்ஜ் முன்னால் சாயும், சாயச் சாய இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினேன்.

நாலாவதை, பஞ்சமக் கம்பியின் பிருடையை, துடைக்கவில்லை. 1986-இல் எப்படித் தடவினேனோ அப்படியே விட்டேன். அழுத்திச் சொருகினால் பத்து நிமிஷம் நின்றது. பிறகு இறங்கியது. மூன்று அழுக்குப் பஞ்சையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினேன்.

*

அவள் பிளாட்டைவிட்டுப் போவதற்கு முந்தைய சனிக்கிழமை போனேன். கூடத்தில் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 'செமினி' என்று மார்க்கரில் எழுதியிருந்தது. பிடில் பெட்டியைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்தாள்.

"லோரியில போடலியா?"

"லோரிக்காரர் வேணாம்னுட்டார்."

"பார், அவருக்கே வேணாம். உக்காரு, காப்பி கலக்கறேன்."

அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் தரையில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஸ்ருதி காட்டும் செயலியைத் திறந்து வைத்தேன். சேர்ந்துவிட்டால் ஊசி நடுவில் நின்று பச்சையாகும். பேசாமல் ஒவ்வொரு கம்பியாக மீட்டிச் சேர்த்தேன். தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"அண்ணே, ரெண்டாவது கம்பி ஒரு மயிரிழை ஏத்தம்."

அடுப்படியிலிருந்துதான். முதுகு எனக்கு, முகம் அடுப்புக்கு. கைப்பேசியைப் பார்த்தேன். ஊசி நடுவிலிருந்து ஒரு மயிரிழை வலது பக்கம். இறக்கினேன்.

"ம்" என்றாள்.

மறுபடி நாலையும் மீட்டினேன். எல்லாம் பச்சை. காத்திருந்தேன். மீட்டினேன். பச்சை. கோப்பையில் கரண்டி கலக்குகிற சத்தம் நின்றது.

"மேல் பஞ்சமம் இறங்குது. பிடி அண்ணே, பிருடையைப் பிடி."

ஊசி இன்னும் நடுவில்தான் இருந்தது. சத்தியமாக. இன்னொரு முறை மீட்டிய பிறகுதான் இடது பக்கம் நகர ஆரம்பித்தது, அப்புறம் சரசரவென்று விழுந்தது. இருபத்தைந்தாயிரம் மைல் மேலே சுற்றும் சாட்டிலைட்டைக் கேட்டுப் பேசுகிற கைப்பேசியைவிட முன்னால், கொதிக்கிற தண்ணீருக்கு நடுவில், அடுப்படியிலிருந்து அவளுக்குக் கேட்டிருக்கிறது.

காப்பியில்லாமல் வெளியே வந்தாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே அப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது. நான் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினேன்.

உட்கார்ந்தாள். பிடிலை வாங்கி, தலையை வலது பாதத்தில் சாய்த்தாள். முப்பத்தொன்பது வருஷம் கழித்தும் பாதம் தானாக அந்த இடத்துக்குப் போனது. நாலாவது பிருடையைத் திருப்பிச் சேர்த்தாள். கை எடுத்தாள். கிர்ர் என்று நழுவியது. மறுபடி சேர்த்தாள். நழுவியது. மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றிப் பார்த்தாள். மூன்றும் நின்றன. திரும்பவும் நாலாவது. நழுவியது.

"இதேதான்" என்றாள், தனக்குத்தானே. "மேடையில இப்படித்தான் போச்சு."

பிருடையை உருவினாள். விரலால் வழித்து, கட்டைவிரலில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனாள். அங்கேயே நின்றது கை.

"ஞாயித்துக்கிழமை வாசனை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வேலை உடுப்பை ஊறவைத்துத் துவைத்தது அவள்தான். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்று முணுமுணுப்பாள்.

பையிலிருந்த மூன்று பஞ்சையும் அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள்.

"மாஸ்டர் போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினொண்ணு."

"அப்பா?"

"இருபது."

"அப்ப யார்கிட்ட போய்ச் சொல்றது நான்?"

அவள் திட்டவில்லை, அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது முதலைக் கதை சொல்லித் தேற்றியிருப்பேன்.

"எவ்வளவு பூசினே?"

"ஒரு விரல் நுனி."

மூன்று பஞ்சையும், கையிலிருந்த பிருடையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுவா ஒரு விரல் நுனி? நாலு பிருடை. நாலு விரல் நிறைய அள்ளிப் பூசியிருக்கே. வாழ்க்கையில முதல் தடவையா எதையோ குறைச்சுச் சொல்றே."

எழுந்துபோய்க் கொஞ்சம் பஞ்சு கொண்டுவந்தாள். என் சாத்தே குச்சியை வாங்கி, தானே சுற்றி, நாலாவது துளையைத் துடைத்தாள். கறுப்பு. இன்னொரு பஞ்சு. கறுப்பு. ஐந்தாவது பஞ்சு வெள்ளையாக வந்தது. சாக்பீஸ் கேட்டாள், கொடுத்தேன். பிருடையைச் சொருகி, கம்பியை ஏற்றி, காதைத் தாழ்த்தி மீட்டினாள். கை எடுத்தாள். நின்றது. வாய்க்குள்ளாகவே அந்தப் பஞ்சமத்தை ஒரு தரம் முனகிப் பார்த்தாள். ரொம்பச் சின்னச் சத்தம். ஆனால் சத்தம் இருந்தது.

பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினாள். மார்க்கரை எடுத்து, பெட்டி மேல் 'செமினி' என்று எழுதினாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"நடந்திருக்கு, அண்ணே. நீ சொன்ன மாதிரியேதான் நடந்திருக்கு."